சாமியை அடிப்பேன் என்றவள்

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்து ஊர் மாவு மில்லில் அன்று காலை நல்ல கூட்டம். உஷாராணி வந்து ராகித் தூக்கை இறக்கி வைத்ததும் பேச்சு நின்றுபோனது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மில்காரர் பிரபாகர்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. சாமியப் பத்தி அப்படிப் பேசீட்டீங்க. உங்களுத இங்க அரைச்சா நாலு பேரு என்னையப் பேசுவாங்க. வேற மில்லுப் பாத்துக்குங்க."

உஷாராணி ஊராட்சித் தலைவர் தேர்தலில் நிற்கிறாள். ஜவ்வரிசி ஆலைக் கழிவு குடிநீர்க் கிணற்றில் இறங்குகிறது, தட்டிக்கேட்க ஒரு ஆளில்லை என்றுதான் நின்றாள். நேற்று முன்தினம் வரை ஊரே அவள் பக்கம். அதற்குப் பிறகுதான் சேலத்து யூடியூப் சேனல் ஒன்று துண்டு வீடியோ போட்டது. மாரியம்மன் கோயில் வாசலில் நின்று, "ரெண்டு சாத்து சாத்துனாத்தான் இந்தச் சாமி அடங்கும்" என்கிறாள் உஷாராணி. 'தெய்வத்தை அடிப்பாராம் வேட்பாளர்!' என்று சிவப்பு எழுத்தில் தலைப்பு. நடுவில் அதே ஜவ்வரிசி ஆலையின் விளம்பரம் வேறு. அது ஏன் அங்கே வந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு அடுத்த குரூப்புக்கு அனுப்பிவிட்டார்கள். 

உஷாராணியின் போன் அடித்தது. அந்தச் சேனல்காரன்தான். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், ஒரு மன்னிப்பு வீடியோ குடுத்துருங்க. நாங்களே போட்டு முடிச்சு வச்சிடறோம்."

"செய்யாத தப்புக்கு எதுக்குங்க மன்னிப்பு? பிரச்சார ஆட்டோ மேல ஏறிக் குதிச்ச எம்புள்ளையத்தான் வைதேன். புள்ளைய வெட்டி எறிஞ்சுபோட்டு என்ர வாய மட்டும் வெச்சிருக்கீங்க. முழுசாப் போடுங்க பாக்கலாம்!"

"மன்னிப்பு கேக்கலைன்னா ஓட்டுப் போயிரும் மேடம்."

"போனாப் போவுட்டுங்க. தோத்தாலும் அந்தக் கெணத்துக்காக நான் கேள்வி கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்."

போனை வைத்தாள். கூட்டத்தில் ஒருவரும் நம்பியதாகத் தெரியவில்லை.

"மாட்டிக்கிட்டா எல்லாரும் சொல்றதுதான்," என்று முணுமுணுத்தாள் பொன்னாயி. மகளிர் குழுத் தலைவி அவள். அந்த நேரம் பார்த்து அவளுடைய சின்ன மகள், ஓடுகிற பெல்ட் பக்கம் கையை நீட்டினாள். பொன்னாயி பாய்ந்துபோய் இழுத்தாள்.

"கைய எடு சாமி! முதுகுல நாலு வெச்சாத்தான் இந்தச் சாமி அடங்கும்!"

உஷாராணி போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"அக்கா, இன்னொருக்காச் சொல்லுங்க. புள்ளைய ஒதுக்கீட்டு உங்க மூஞ்சிய மட்டும் புடிக்கறேன். பொழுது சாயறதுக்குள்ள நீங்களும் தெய்வத்த அடிக்கறவதான்!"

பொன்னாயி தன் மகளைப் பார்த்தாள். பிள்ளையைச் சாமி, சாமி என்று நாள் முழுக்கக் கூப்பிடுகிற வாய் அவளுடையது. அங்கே நின்ற எல்லோருடைய வாயும் அதுதான். தன் வீட்டுச் சொல்லுக்கு அர்த்தத்தைப் போனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட கூட்டத்தை என்னவென்று சொல்வது?

"மொத ஆளா அதைய அனுப்புனதே நாந்தான்," என்றாள் பொன்னாயி. பிறகு பிரபாகர் பக்கம் திரும்பினாள். "மொதல்ல உஷாவோட ராகியக் கொட்டுங்க. இல்லீனா எங்க யாருதும் அரைக்க வேண்டாம்."

பிரபாகர் தூக்கை எடுத்து ராகியைக் கொட்டினார். பொன்னாயி போனில் மகளிர் குழுவின் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து, மில் சத்தத்தையும் மீறிப் பேசினாள்.

"நான் அனுப்புன வீடியோ பொய்யுங்க. உஷா வைதது அவ புள்ளைய. சேனல்காரன் வெட்டி ஒட்டுனான், அதைய ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேத்தது நம்ம கட்டை வெரலு. இனி முழுசாக் கேக்காம எதையும் நம்பவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். ஓட்டு நம்முளுது. அதைய நாம போடோணும், சேனல்காரன் போடக் கூடாது!"