தோப்பைச் சுற்றிப் போன வாய்க்கால்

உள்ளாட்சி தினத்துக் கிராமசபைக்கு ஊர் வரைபடத்தைக் கோலப்பொடியில் போட்டார்கள். அந்தியூர்ப் பக்கத்து ஐப்பசிக் காலை. பனி விலகாத பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே களத்தளவுக்குச் சுருங்கிப் படுத்துக் கிடந்தது. ஊராட்சித் தலைவர் சாமியாத்தாள் அதன்மேல் மெல்ல நடந்தாள். இரண்டு எட்டில் ரேஷன் கடையைத் தாண்டினாள். சேலை நுனி பட்டு மாரியம்மன் கோயில் கொஞ்சம் கலைந்தது. எல்லாம் கனவில் நடக்கிற மாதிரி இருந்தது.

குளம் மட்டும் வெறும் வட்டம். அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த வாய்க்கால் அடைபட்டு முப்பது வருஷமாகிறது. இன்று வழி குறித்துத் தீர்மானம் போட்டால்தான் தோண்ட உத்தரவு வரும். இல்லாவிட்டால் அடுத்த கோடைக்கும் லாரித் தண்ணீர்தான்.

வார்டு உறுப்பினர் தனபால் நீலப்பொடியைத் தூவிக்கொண்டே வந்தார். தலைவரின் தென்னந்தோப்பு வந்ததும் அவர் கை பவ்யமாக ஒதுங்கி, அதைச் சுற்றிக்கொண்டு போனது. கொங்கு நாட்டு மரியாதை பொல்லாதது. ஆளுக்கு மட்டுமா, ஆளுடைய தோப்புக்கும் ஒரு ‘ங்க’ போடும்.

“ஏனுங்க, அந்தப் பக்கம் மேடாச்சுங்களே, தண்ணி ஏறுங்களா?” என்று கேட்டாள் ஒன்றியத்திலிருந்து வந்திருந்த இன்ஜினியர் லோகப்பிரியா.

ஊரே வேறெங்கோ பார்த்தது.

அந்தக் காலத்தில் தோப்புக்குள்தான் தண்ணீர் போனதென்று எல்லோருக்கும் தெரியும். திறந்தால் இருபத்தேழு மரம் போகும். அத்தனைக்கும் குடம் சுமந்து ஊற்றி வளர்த்த தலைவரின் கணவர் பாலுசாமி எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சாமியாத்தாளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

“ஏறாதுங்க அம்மணி,” என்றாள்.

தனபால் போட்ட கோட்டைக் காலால் அழித்தாள். பொடியை வாங்கித் தோப்பின் நடுவே நேராக இழுத்தாள். குளத்துக்குள்ளும் இரண்டு கை அள்ளித் தூவினாள். பனிக்குள் அந்த நீலம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

“ஒத்துக்கறவங்க கை தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை. பாலுசாமியை வைத்துக்கொண்டு எப்படித் தூக்குவது?

அவர் எழுந்து வந்து நீலக்கோட்டின் ஓரம் நின்றார்.

“இத மண்ணள்ளிப் போட்டு மூடுனது நாந்தானுங்க. மூடிப்போட்டு, யாராச்சும் வந்து கேட்டுப்போடுவாங்கன்னு ஒரு வாரம் தூக்கமில்லீங்க. கேட்டிருந்தா அன்னைக்கே தொறந்து உட்டிருப்பேன். முப்பது வருசமா ஒருத்தரும் கேக்கலீங்களே.”

சொல்லிவிட்டு முதல் கையை அவரே தூக்கினார்.