புகை தெரியும் தூரம்

தெர்மூத்தி ரொட்டியைத் திராட்சை மதுவில் நனைத்து, விடியும்போதே இறந்துவிட்ட கணவனின் உதட்டில் ஒற்றினாள். பக்கத்தில் கிழிந்த கப்பல் பாயைத் தைத்துக்கொண்டிருந்த மாலுமி பார்க்கிறான் என்பதற்காக, "மெல்ல முழுங்குய்யா, பொறையேறிடும்," என்றாள்.

"என்னக்கா, மச்சான் இன்னிக்காவது எந்திரிப்பாரா? எறக்கிவிடச் சொன்னா எனக்குத் தெம்பில்ல," என்று மாலுமி சிரித்தான்.

"நீ ஒழுங்கா பாயைத் தை. காத்தடிச்சா உன் லட்சணம் தெரிஞ்சிடும்."

காற்றுதான் வரவில்லை. தெற்கே, அலெக்சாந்திரியாவின் கலங்கரை விளக்கத்துப் புகை காலையிலிருந்து அதே இடத்தில் நின்றது. இத்தாலியின் புத்தியோலித் துறைமுகத்தில் கோதுமை மூட்டை சுமந்தே நெஞ்சு கெட்டுப்போன அவள் கணவன் பனூபி, ஊரில் போய்ச் சாகவேண்டும் என்றுதான் இந்தக் கப்பலில் ஏறினான். கடலில் போட்டால் உப்பிட்டுத் துணி சுற்ற உடம்பு இருக்காது. உடம்பு இல்லாதவனுக்கு மறு உலகத்தில் இடமும் இல்லை. "என்னைத் தண்ணியில விட்டுராத புள்ள," என்று இரவெல்லாம் அனத்தினான். பிணம் கிடக்கும் கப்பலைக் காற்று அண்டாது என்பது மாலுமிகளின் நம்பிக்கை.

உச்சி வெயிலில் ஈக்கள் வந்தன. மேல்துணியின் நுனியால் விசிறிக்கொண்டே இருந்தாள். சுக்கானி நிகானோர் வந்து குந்தி, பனூபியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பம்மா?"

"தூங்குறாரு."

அவர் போர்வையை இழுத்து அந்தப் பாதத்தை மூடினார்.

"சின்னப் படகை எறக்கிக் குடுங்கய்யா. அதோ தெரியுதே, நானே துடுப்புப் போட்டுக்குறேன்."

"புகைதாம்மா தெரியுது. கரை எங்கயோ இருக்கு." எழுந்தவர் குரலைத் தாழ்த்தினார். "நான் வாயத் தெறக்க மாட்டேன். ஆனா அவனுங்க மூக்கை நான் என்ன பண்ண?"

சிறிது நேரத்தில் மாலுமிகள் வந்துவிட்டார்கள். கணவன்மேல் குப்புற விழுந்து கட்டிக்கொண்டாள். யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை. காலையில் கேலி பேசிய மாலுமிதான் அவள் விரல்களைப் பிரித்தான். "விட்டுருக்கா... விட்டுரு."

அடித்தளத்திலிருந்து ஒருவன் பாரக்கல்லைத் தூக்கி வந்தான்.

"கல்லு வேண்டாம்! மெதந்தாவது எங்கயாச்சும் ஒதுங்கட்டும்யா!"

நிகானோர் கப்பல் தலைவனைப் பார்த்தார். அவன் தலையசைத்து மறுத்தான்.

பொழுது சாய்ந்தபோது வடக்கிலிருந்து காற்று வந்தது. பாய் புடைத்தது. மாலுமிகள் ஆரவாரம் செய்தார்கள். அவள் பக்கம் மட்டும் ஒருவரும் திரும்பவில்லை.

மறுநாள் துறையில் பனூபியின் அண்ணன் ஹோரியன் கழுதை வண்டியோடு நின்றிருந்தான். தம்பி நோயாளியாக வருகிறான் என்று முந்தைய கப்பலில் வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"வந்துட்டியாம்மா," என்றான், அவளைத் தாண்டிக் கப்பலைப் பார்த்தபடி. "அவனைப் பையத்தான் தூக்கணும். வழியெல்லாம் குண்டும் குழியுமா கெடக்கு, அதான் வைக்கோல் நெறைய போட்டிருக்கேன்."



கடைசி ஆளும் இறங்கியதும் மாலுமிகள் பலகையை உள்ளே இழுத்தார்கள். ஹோரியன் வண்டிக்குள் குனிந்து, தலை வைக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் வைக்கோலைக் குவித்துக்கொண்டிருந்தான்.