வீரபாகுவுக்குச் சீட்டில் விழுந்த பக்கம்

1

இந்தக் கதை வானொலியிலிருந்து வந்தது. இந்த வருசம், 1989 ஆவணியில் ஒரு பின்னேரம், நெளுக்குளத்தில் நான் இப்போது இருக்கும் அறையில், எங்கோ வடக்குக் கடலோரத்து மூன்று சின்ன நாடுகளின் சனங்கள் கைகோத்து நின்றார்கள் என்று செய்தி சொன்னது. ஒரு பெரிய ஒன்றியத்திலிருந்து தங்களை விடச்சொல்லிக் கேட்கிறார்களாம். பிறகு இரண்டு பேரைக் கதைக்க விட்டார்கள். ஒருவர் போகத்தான் வேண்டும் என்றார். மற்றவர் போனால் கெட்டோம் என்றார். ஒருவரை ஒருவர் இடைமறித்தார்கள். ஒருமுறை இரண்டு பேரும் சிரித்தும் விட்டார்கள். நிகழ்ச்சி முடிந்து பாட்டுப் போட்டார்கள்.

நான் பாட்டைக் கேட்கவில்லை. அந்த இரண்டு பேரும் இப்போது கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள், இன்றைக்குக் கதைத்ததற்காக அவர்களை ஒருவரும் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று நினைத்தேன். அன்றைக்கே எழுதத் தொடங்கினேன்.

முதல் தொடக்கம்: ‘1986 ஆம் ஆண்டு வைகாசி மாதம் என் கணவர்—’

வெட்டிவிட்டேன். ‘என்’ என்று தொடங்கினால் வசனம் அழுகைப் பக்கம் ஓடுகிறது, பிடித்து நிறுத்த முடியவில்லை. ஆகையால் அவளுக்கு ஞானேஸ்வரி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவருக்கு வீரபாகு. ஞானேஸ்வரி என்னைவிடப் பொறுமையானவள், கொஞ்சம் உயரமும்கூட. (எழுதுகிறவளுக்கு இந்தளவு சலுகையாவது வேண்டாமா?)

அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. நாடு பிரிவதைப் பற்றித் தன் புருசன் உண்மையில் என்ன நினைத்தார்? அதற்காகத்தான் அவரைக் கொன்றார்கள். அது என்னவென்று மட்டும் அவளுக்குத் தெரியாது.

2

இரண்டாவது தொடக்கம்: ‘பரந்தன் சந்தியில் இறங்கிக் கிழக்கே போனால், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல—’

இது நான் வாசித்த கதைகளிலிருந்து வந்த வசனம். எங்கள் வயல் ஒருநாளும் கம்பளம் போல இருந்ததில்லை. ஒரு போகம் சேறு, மறு போகம் புழுதி.

வாய்க்கால் கரையோரக் குடியேற்றம் அது. வாய்க்காலின் தலைப்பில், வடக்கே தீபகற்பத்திலிருந்து வந்து காணி எடுத்த வீரபாகு போன்றவர்கள். 77 ஆம் ஆண்டுத் தேர்தலில் தனிநாட்டுக்கு ஆணை கேட்டவர்களுக்கு, புருசனும் பெண்சாதியும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிப்போய்ப் புள்ளடி போட்டவர்கள். அடுத்த மாதமே தெற்கில் தமிழருக்கு அடி தொடங்கியது. அடிபட்டு வந்த மலையகத் தேயிலைத் தோட்டச் சனத்துக்கு வாய்க்காலின் கடைசியில், காட்டோரமாக இடம் கொடுத்தார்கள். (தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற இடம். கொடுத்தோம் என்பதை மட்டும் நாங்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வோம்.) ஆண்டியப்பன் அப்படி வந்தவர்.

1980 இல் வாசிகசாலை ஆண்டுவிழாவுக்கு ஒரு பட்டிமன்றம் வைக்க முடிவானது. தலைப்பு ‘பிரிந்து போவதா, சேர்ந்திருப்பதா?’ நடுவர் அப்புத்துரை மாஸ்டர். பிரிவதற்குப் பேச ஊரே கை தூக்கியது. சேர்ந்திருக்கப் பேச ஆளில்லை.

“மாஸ்டர், ஒரு பக்கத்துக்கு ஆளில்லாட்டி அது பட்டிமன்றமில்லை, பசனை,” என்றார் வீரபாகு.

“அப்ப நீர் வாருமன்.”

“நானோ? என்ரை புள்ளடி எங்கை விழுந்தது எண்டு ஊருக்கே தெரியும்.”

கடைசியில் பிள்ளையார் கோயிலில் திருவுளச்சீட்டுப் போட்டார்கள். தண்ணீர் முறைக்குச் சண்டை வந்தால் எங்கள் ஊரில் அப்படித்தான் தீர்ப்பது. சீட்டுகளைச் சுருட்டிப் பிள்ளையாரின் காலடியில் வைத்து, கர்ப்பூரம் காட்டி, ஐயர் எடுத்துக் கொடுப்பார். விழுந்ததை மாற்றிக் கேட்பதில்லை. கேட்டவனுடைய வயல் பொய்த்துவிடும் என்பார்கள். ஆனால் அதுவரை ஒருவரும் பேச்சுப் போட்டிக்காகச் சாமியிடம் போனதில்லை. அந்தப் பிழையை எங்கள் ஊர்தான் செய்தது.

ஆண்டியப்பனுக்குப் பிரிவது விழுந்தது. “புள்ளையாருக்கு ஆளத் தெரியுதுங்க!” என்றார். வீரபாகுவுக்குச் சேர்ந்திருப்பது விழுந்தது. அவர் சீட்டைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், சீட்டை மடியில் செருகிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் வரம்பில் நின்று தனக்குள் கதைக்கத் தொடங்கினார்.

“நெல்லுக்கோ பிரசங்கம்?” என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

“நெல்லு எதிர்த்துக் கதைக்காது. நீர் எதிர்த்துக் கதையும்.”

ஆகவே குசினியில் சமைக்கும்போது அவள் பிரிவின் பக்கம், அவர் சேர்ந்திருக்கும் பக்கம். முதல் நாட்களில் அவள்தான் வென்றாள். பிறகு வெல்லவில்லை.

“உங்களுக்கு என்ன வந்தது? விளையாட்டுக்குத்தானே?”

“பிள்ளையார் தந்த பக்கம். அரை மனசோடை கதைச்சால் அவரைப் பேய்க்காட்டி ஏமாத்தின மாதிரி.”

3

ஆண்டியப்பனை எப்படி எழுதுவது என்பதில் எனக்குச் சந்தேகம்.

முதல் எழுத்துப்படியில் அவரை மெலிந்த, கண்கலங்கிய ஏழையாக எழுதியிருந்தேன். வாசித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்து மேடைகளில் கத்திப் பழகிய மனிதர் அவர். குரலும் பெரிது, கோபமும் பெரிது. இன்னொரு படியில் வீரபாகுவைக் காட்டிக்கொடுத்தவராகவே அவரை எழுதிப் பார்த்தேன். கதைக்கு ஒரு முடிச்சுக் கிடைத்தது. ஆனால் அது பொய், கிழித்துவிட்டேன்.

விழா நாள் பின்னேரம் ஆண்டியப்பன் எழுந்தார்.

“ஐயாமாரே, நான் பொறந்தது இந்த நாட்டுல. எங்கப்பன் பொறந்தது இந்த நாட்டுல. எனக்குப் பிரசாவுரிமை இல்ல. என்னைய உள்ளயே விடாத வீட்டுல ‘சேந்திரு, சேந்திரு’ன்னா நான் எங்கிட்டுப் போயிச் சேர்றது? எழுவத்தேழுல என் கதவ ஒடச்சவன், ‘நம்ம நாடு ஒன்னு’ன்னு சொல்லிக்கிட்டேதாங்க ஒடச்சான்!”

கைதட்டு ஓய நேரமெடுத்தது. பிறகு வீரபாகு.

“வேலி அடைக்கிறதை எங்கடை ஆக்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை,” என்று தொடங்கினார். வாய்க்கால் தலைப்புக்காரர்கள் சிரித்தார்கள். “அண்ணன் தம்பி கோபமெண்டால் விடிய முன்னம் வேலி நிக்கும். ஆனால் பங்குக் கிணத்துக்குக் குறுக்காலை வேலி அடைச்சதை ஆராவது கண்டனியளோ? பேச்சுவார்த்தை இல்லாட்டியும், முறைக்கு வந்து தண்ணி அள்ளித்தான் ஆகவேணும்.”

“அள்ளப் போனா கைய வெட்டுறான் ஐயா!” என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினார் ஆண்டியப்பன். “கைய வெட்டுறவனோட என்னாங்க பங்கு?”

சபை கொந்தளித்தது. அப்புத்துரை மாஸ்டர் மணியை அடித்தார். வீரபாகு பொறுத்திருந்து, மெதுவாகக் கேட்டார்.

“ஆண்டியப்பன், உங்கடை அக்கா இப்ப எங்கை?”

“…தோட்டத்து லயத்துல. நுவரெலியாப் பக்கம்.”

“நீங்கள் கீறுற கோட்டுக்கு அவா இஞ்சாலையோ, அங்காலையோ?”

ஆண்டியப்பன் பதில் சொல்ல எழுந்தார். மேடைகளில் பழகிய அந்த மனிதர் மறுபடி கதிரையில் இருந்துவிட்டார்.

“தீர்ப்புப் பிரிவுக்குத்தான்,” என்றார் மாஸ்டர். “கைதட்டு வீரபாகுவுக்கு. இரண்டையும் ஆளுக்கு ஆள் மாத்தப்படாது.”

4

(இங்கே நான் கதையை நிறுத்திவிட்டு இரண்டு பக்கத்தையும் நேர்மையாக எழுதவேண்டும். வானொலிக்காரர்களுக்கு அது சுலபமாக இருந்தது.)

பிரிவதற்கு: எங்களைச் சேர்த்தவன் எங்களைக் கேட்டுச் சேர்க்கவில்லை. வெள்ளைக்காரன் தன் கந்தோர் எழுத்து வேலையைச் சுலபமாக்கச் சேர்த்தான். அவன் போன பிறகு எண்ணிக்கைதான் நியாயம் என்றார்கள். எண்ணினால் நாங்கள் எப்போதும் குறைவு. எழுதிய ஒப்பந்தங்களை எழுதியவர்களே கிழித்தார்கள். அடிபட்டவனுக்கு இதற்குமேல் காரணம் தேவையில்லை.

சேர்ந்திருப்பதற்கு: எங்கே கோடு கீறினாலும் யாரோ ஒரு அக்கா அங்காலை நிற்பாள். கோட்டுக்கு இஞ்சாலையும் ஒரு வாய்க்கால் இருக்கும், அதற்குக் கடைசி ஒன்று இருக்கும். அங்கே இருப்பவன் நாளைக்கு எங்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்பான். கேட்டும் தராததை எடுக்கப் போனால் என்ன விலை வரும் என்பதை—

இந்த வசனத்தை முடிக்க முடியவில்லை. விலையை அறிந்த பிறகு எழுதுகிறவள், அறியாத காலத்து வாதத்தில் அதைச் சேர்ப்பது களவு.

என்னுடைய பக்கம் எது என்று கேட்பீர்கள். ஆமிக்காரனின் ட்ரக் போகும்போது ஒன்று, அது போனபின் ஆயுதத்தோடு வருகிற இயக்கப் பெடியளைப் பார்க்கும்போது மற்றது.

விழா முடிந்து வாய்க்கால் கரையால் நடந்து வரும்போது ஞானேஸ்வரி கேட்டாள். “உண்மையிலை நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“கதைக்கேக்கை நினைச்சது உண்மை.”

“இப்ப?”

“இப்ப பசிக்குது.”

5

83 கலவரத்துக்குப் பிறகு ஆண்டியப்பனின் அக்கா வந்து சேர்ந்தார். லயம் எரிந்துவிட்டது. ஆண்டியப்பன் அவரை நேரே வீரபாகு வீட்டுக்குத்தான் கூட்டிவந்தார்.

“கேட்டீங்களே ஐயா. இந்தா, இந்தப் பக்கம் வந்துருச்சு.”

வீரபாகு எழுந்து தன் கதிரையை அந்த அம்மாவுக்குக் கொடுத்தார். ஞானேஸ்வரி தேத்தண்ணி ஊற்றியபடி, அவர் எந்தப் பக்கம் என்று இப்போது சொல்லுவார், இப்போது சொல்லுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த அம்மாவிடம், மலையில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்டார். (அது அனுதாபமா, வாதமா? அவர் முகத்தை எத்தனையோ தரம் எழுதிப் பார்த்தேன், தெரியவில்லை.)

இதற்கிடையில் ஊர் அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தது. ‘பங்குக் கிணறு’. “பங்குக் கிணறு வாறார், வழி விடுங்கோ,” என்று பகிடிக்குச் சொல்வார்கள். அவரும் சிரிப்பார். அந்தப் பகிடிதான் வெளியூர்ப் பெடியளின் காதுக்குப் போனது. பட்டிமன்றம் நடந்ததே அவர்களுக்குத் தெரியாது. சீட்டைப் பற்றியும் தெரியாது. பிரிவதற்கு எதிராகப் பேசிய ஒருவர் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

86 வைகாசியில் ஒரு காலை இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஒருவன் கண்ணாடி போட்டவன், நல்ல மரியாதை.

“ஐயா, வாசிகசாலையிலை கூட்டம். நீங்கள் கதைக்கவேணும். இந்தமுறை சரியான பக்கம்.”

“கதைக்கலாம். மற்றப் பக்கம் ஆர்?”

“மற்றப் பக்கம் இல்லை ஐயா.”

“ஒரு காளையைக் கட்டி வண்டில் விடச்சொல்லுறீர், தம்பி.”

மற்றவன் சிரித்துவிட்டான். கண்ணாடிக்காரன் சிரிக்கவில்லை. “நீங்கள் எந்தப் பக்கம் எண்டு சனத்துக்குத் தெரியவேணும்,” என்றான்.

வீரபாகு கைச்சேற்றைக் கழுவிவிட்டுச் சட்டை போட உள்ளே வந்தார்.

“சீட்டிலை விழுந்தது, அதாலை கதைச்சனான் எண்டு சொல்லிப்போட்டு வாங்கோவன்,” என்றாள் ஞானேஸ்வரி. “பொய்யில்லையே?”

“பொய்யில்லை. பிள்ளையாரைக் காட்டிக் குடுத்திட்டு நான் தப்பி வாறதோ?”

“பிள்ளையாருக்கு ஒண்டும் செய்யமாட்டினம்!”

அவர் சிரித்தார். “பாப்பம்,” என்றார்.

6

அவள் போகவில்லை. போகவேண்டாம் என்று பெடியள் சொன்னார்கள். ஆகையால் இனி வருவது மற்றவர்களின் கதை.

முதல் முடிவு, ஆண்டியப்பன் சொன்னது: “ஐயா பிரியணும்னு பேசுனாரும்மா. நான் பேசுனதவிட நல்லா. எனக்கே பொறாமை. பேசி முடிச்சுட்டு, ‘இனி மத்தப் பக்கத்தையும் நானே சொல்லுறன், ஆளில்லைத்தானே’ன்னாரு. அங்கதாங்க நிப்பாட்டுனாங்க.”

இரண்டாவது முடிவு, வாசிகசாலைக்குப் பக்கத்து வளவில் குடியிருந்த பத்மாசனி சொன்னது: அவர் வாயே திறக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சனத்தைப் பார்த்தபடி நின்றார். “எங்களிலை ஆராவது எழும்புவமோ எண்டு பாத்தவர் போலை, அக்கா. நாங்கள் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தம்.”

மூன்றாவது, அன்று கூட்டத்தில் இருந்து, போன மாதம் இங்கே நெளுக்குளத்தில் நான் கண்ட எங்கள் ஊர்ச் சிவராசா சொன்னது: அவர் எல்லாவற்றையும் மறுத்தார். அது சீட்டில் விழுந்த பக்கம், எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் நம்பவில்லை.

அவரை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள் என்பதை மட்டும் மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். ஏற்றும்போது அவருடைய ஒரு செருப்பு—

(வேண்டாம். செருப்பைப் பற்றி எழுதினால் எல்லாரும் அழுவார்கள்.)

பிறகு உடம்பு வந்தது. அதையும் எழுதவில்லை.

இந்த வருசத் தேர்தலுக்கு முன் ஒரு கட்சிக்காரர் அவருடைய படம் கேட்டு வந்தார். ஒன்றுபட்ட நாட்டுக்காக உயிர் கொடுத்தவர் என்று போடப்போகிறார்களாம். ஞானேஸ்வரி கொடுக்கவில்லை. ஆண்டியப்பனுக்கு அது கேள்விப்பட்டுக் கோபம். “ஐயா கடைசியா பேசுனது நம்ம பக்கம்மா. படத்த அவங்க எப்புடிக் கேக்கலாம்? குடுத்தா நமக்குக் குடுங்க, நாம வைப்போம்.” அவருக்கும் கொடுக்கவில்லை. ஆண்டியப்பன் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

7

மூன்று முடிவையும் மாறி மாறி எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவர் அழகாகப் பேசுகிறார். அழகு எனக்குப் பிடிக்கிறது. இரண்டாவதில் ஊருக்கு வெட்கம், அதுவும் சில நாட்களில் எனக்குத் தேவைப்படுகிறது. மூன்றாவதில் அவர் என் சொல்லைக் கேட்டிருக்கிறார், வீட்டுக்கு வர ஆசைப்பட்டிருக்கிறார். அதை எழுதிய அன்று நான் சோறு தின்னவில்லை.

எந்த முடிவை எடுத்தாலும், எழுதி முடித்த உடனே அவரை நிறுத்தி வைத்து அதையே கேட்கிறேன்: நீங்கள் எந்தப் பக்கம்? கண்ணாடி போட்ட பெடியன் கேட்டதும் அதுதான். படம் கேட்டு வந்தவர் தானே பதிலையும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்த மனிசனை இன்னும் எத்தனை பேர் எழுப்பி நிறுத்துவது? காலையில் வயலில் நின்று, இரண்டு பக்கத்தையும் தன் வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்த ஒருவர் அவர். அதை முடிக்க அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை. நான் முடித்துக் கொடுத்தால் அது என்னுடையதாகத்தான் இருக்கும்.

ஆகையால் மூன்றின்மேலும் கோடு கீறிவிட்டேன். கீழே எழுத்துத் தெரியும், விரும்பினால் வாசியுங்கோ. ஞானேஸ்வரிக்குத் தெரியவேண்டியது தெரியவரவில்லை. இந்தக் கதையில் இனி ஒருவரும் அவரைக் கேட்கப்போவதில்லை, அவளும்.

நாடு பிரியவேண்டுமோ, சேர்ந்திருக்கவேண்டுமோ, வாசிக்கிற நீங்கள் கதையுங்கோ. சத்தம் போட்டுக் கதையுங்கோ, மேசையில் அடித்துக் கதையுங்கோ. இரண்டும் கதைக்கவேண்டியவைதான். வீரபாகுவை மட்டும் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ.