கழுவிய பெட்டிகள்

பாலக்கோடு தக்காளி மண்டியில் நிர்மலாவின் பெட்டிகள் இறங்கியதும் ஏலக்காரர் குப்புராஜ் வழக்கம்போலக் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் ஒன்றுமில்லை. பெட்டி மாறிப்போகாமலிருக்க மற்றவர்கள் பெயர் எழுதுவார்கள். அவள் புருஷன் பூவரசன் மார்க்கரில் கவிதை எழுதுவான். 'நசுக்காதீர், நான் ரசமாகவே பேசுவேன்' என்று ஒன்று. 'தக்காளி சிவந்தது வெட்கத்தால் அல்ல, விலையைக் கேட்டு' என்று இன்னொன்று. குப்புராஜ் அதை உரக்கப் படித்து, மண்டி சிரித்து முடித்த பிறகுதான் ஏலமே தொடங்கும்.

"எழுத்து எங்கம்மா?"

"கழுவிட்டனுங்ணா. கருமாதிக்கு வூட்டுச் சாமானு எல்லாத்தயும் கழுவணும்னாங்க. தீட்டாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நெஞ்சு வலிக்கிறதென்று வரப்பில் உட்கார்ந்தவன் எழவேயில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் செய்துகொண்டிருந்தாள். தேங்காய் நாரும் சோப்புத்தூளுமாகப் பெட்டிகளைத் தேய்தேய் என்று தேய்த்தபோதும் எதைத் தேய்க்கிறோம் என்று பார்க்கவில்லை. பாவி, அவன் கையெழுத்தைத் தன் கையாலேயே வாய்க்காலில் விட்டிருக்கிறாள்.

எழுதியதும் முதலில் அவளிடம்தான் படித்துக் காட்டுவான். "இதுக்கெல்லாம் சிரிக்கணுமாக்கும்" என்று முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வாள். மாட்டுக்கொட்டகைக்குப் போய்த்தான் சிரிப்பாள். இன்னும் கொஞ்சம் கெஞ்சட்டுமே என்றிருக்கும். சிரித்துக் காட்ட நாளா இல்லை என்று நினைத்திருந்தாள்.

ஏலம் முடிந்தது. பெங்களூரிலிருந்து திரும்பிய காலிப் பெட்டிகளின் அடுக்கைக் கலைத்து, குப்புராஜ் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார்.

"போன மாசம் லோடுல போனதும்மா. உங்களுதுதான்."

மூலையெல்லாம் காய்ந்த சேறு. ஆனால் எழுத்து அப்படியே இருந்தது.

'பெட்டி வந்துவிட்டது.
எழுதியவன் எங்கே?
டீக்கடையில் தேடவும்.'

படிக்க வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். நிர்மலாவே படித்தாள். உரக்க, அவனைப் போலவே கடைசி வரிக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்திப் படித்தாள். சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை ஆம்பிளைகள் நடுவில், ஒளிந்துகொள்ளக் கொட்டகை இல்லாத இடத்தில், கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

பிறகு பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மண்டி வாசலைத் தாண்டி டீக்கடைக்கு நடந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் அவளைக் கண்டதும் நகர்ந்து, அவன் உட்காரும் ஓரத்தில் இடம் விட்டார்கள். பெட்டியை அங்கே வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள்.