பூதேவியின் முதுகு

“கண்ணாடிப் பெட்டியத் திறங்க சார். பூதேவியோட முதுகப் பாக்கணும்.”

காப்பாட்சியர் பக்தவத்சலம் பேனா மூடியைத் தேடி எடுத்து, மூடி, சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவ்வளவு நேரமும் என்னைப் பார்க்கவில்லை. எழுத்தர் வசந்தாக்கா தட்டச்சை நிறுத்திவிட்டாள். தற்காலிகப் பதிவாளராக நான் இங்கே சேர்ந்த முதல் நாளே, சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே அவள் சொல்லியிருந்தாள்: “லீவு கேளு, ஃபேன் கேளு, இன்னா வேணா கேளு. பெட்டி சாவிய மட்டும் கேக்காத. கேட்ட பொண்ணு ஒருத்தி இருந்தா. இப்ப இல்ல.” அந்தப் பெண் கல்யாணமாகிப் போனாளா, துரத்தப்பட்டாளா என்று நான் எத்தனை முறை கேட்டாலும் வசந்தாக்கா ஊறுகாயைப் பற்றித்தான் பேசுவாள்.

“எதுக்கும்மா ஜெனிஃபர்?” என்றார் சார்.

“சரிபார்ப்புத் தாள்ல நான்தான கையெழுத்துப் போடணும்? பாக்காம எப்படிப் போடறது?”

“இத்தன வருஷமா எல்லாரும் பாக்காமதான் போட்டாங்க.” சிரித்தார். “சரி, இரு. சாவி எடுத்துட்டு வரேன்.”

இவ்வளவு சுலபமாக அவர் ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் அருங்காட்சியகம் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், ஒரு பழைய ஜமீன் பங்களாவில் இருக்கிறது. ஜமீன்தாரின் பல்லக்கு, அவர் சுட்ட புலியின் தலை, உறையை விட்டு வராத நான்கு வாள்கள். மற்றதெல்லாம் சுற்றுவட்டாரத்து மண்ணுக்குள்ளிருந்து வந்தவை. அதில் பெரிய பெயர் பூதேவிக்கு. முழ உயரம்கூட இல்லாத செப்புத் திருமேனி. கீழே ஓர் அட்டை: ‘1994. நெம்மேலிக்கு அருகே கிணறு தோண்டும்போது கிடைத்தது. நில உரிமையாளர் வழங்கியது.’ உரிமையாளரின் பெயர், அவருடைய அப்பாவின் பெயர், பட்டம் எல்லாம் உண்டு. தோண்டியவர் பெயர் இல்லை. அவர் பெயர் தேவசகாயம். என் அப்பா.

நான் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிப்போய்ப் பார்த்தபோது பூதேவியைச் சுற்றி ஊரே நின்றது. நைனா மட்டும் தள்ளி, பனைமரத்தடியில் நின்றார். மண்ணிலிருந்து தூக்கி, தோள் துண்டால் துடைத்து, கரைக்கு ஏற்றும்வரை யாரும் அவரை ஒதுங்கச் சொல்லவில்லை. யாரோ கற்பூரம் ஏற்றிய பிறகுதான் சொன்னார்கள். இதை அவர் ஒருநாளும் கோபமாகச் சொன்னதில்லை. அந்த வேலையை எனக்கு விட்டுவிட்டார் போல. நான் எம்.ஏ. வரலாறு படித்ததற்கு அந்தப் பனைமரத்தடியும் ஒரு காரணம் என்று வேலைக்கான நேர்காணலில் சொல்லவில்லை. கிணற்றில் இறங்கியவர் மகள் என்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எடுத்திருப்பார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

போன மாதம்தான் நைனாவைக் கூட்டிவந்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு, இஸ்திரி போட்ட சட்டையில், கண்ணாடிக்கு முன்னால் நின்றார். பெட்டி சுவரோடு ஒட்டியிருப்பதால் முதுகு தெரியாது. அவர் பக்கவாட்டில் எட்டி எட்டிப் பார்த்தார்.

“இன்னா ஜெனி, நல்லா பளபளன்னு வெச்சிக்கினு கீறாங்க. முதுகுல நான் போட்ட பொத்தல் கீதா?”

“பொத்தல் இல்ல நைனா. மம்மட்டி பட்ட வெட்டுன்னு எழுதியிருக்கு.”

“மம்மட்டியா? எவன் சொன்னான்? அந்தச் சரளைல மம்மட்டி எங்க எறங்கும்? கடப்பாறம்மா. குப்புறக் கெடந்துச்சி. நங்குன்னு குத்திட்டேன். வலது தோளாண்ட, சுண்டு வெரலு நுனி போவும், அம்மாம் குழி. நானே வெரல வுட்டுப் பாத்தேன்.”

எனக்கு அவர் மேலேயும் சந்தேகம் வந்தது. அறுபது வயதாகப் போகிறது. கல்பாக்கம் குடியிருப்பில் தோட்ட வேலை பார்த்துவிட்டு வந்து, குழம்பில் உப்பு போட்டோமா என்பதை மறந்து மறுபடி போடுகிற ஆள். அதனால் மூன்று வெவ்வேறு நாளில், சம்பந்தமில்லாத பேச்சுக்கு நடுவில் கேட்டேன். மூன்று தடவையும் கடப்பாறைதான். மூன்றாவது தடவை, “போலீஸ்காரி மாதிரி கேக்குற. வூட்டுப் பின்னாலதான் கீது, போய்ப் பாரு” என்றார். பார்த்தேன். முனை மழுங்கிய பழைய கடப்பாறை, கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது.

அப்புறம் கோப்பறையில் உட்கார்ந்து மகஜர்களைப் படித்தேன். மண்ணிலிருந்து ஏதாவது கிடைத்தால், வருவாய்த்துறை ஆள் வந்து, இன்ன பொருள், இன்ன நிலையில், இன்னார் முன்னிலையில் கைப்பற்றப்பட்டது என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்குவார். அந்தத் தாள்தான் மகஜர். இருபத்திரண்டு படித்தேன். இருபத்திரண்டிலும் ஒரே வாக்கியம்: ‘மண்வெட்டியால் தோண்டும்போது தென்பட்டது.’ மழையில் ஏரிக்கரை சரிந்து தானாக வெளியே வந்த தாழிக்கும் மண்வெட்டி. எழுதுகிறவர் பழைய தாளைப் பார்த்து எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். தோண்டினவனை யாரும் கேட்கவில்லை. மண்வெட்டி என்று எழுதியாயிற்று, அப்புறம் காயமும் அதற்குத் தோதாகத்தானே இருக்க வேண்டும்? எங்கள் பூதேவிக்கு ‘வலது தோளின் பின்புறம் மண்வெட்டி பட்ட வெட்டு’ என்று போட்டு முடித்துவிட்டார். அருங்காட்சியகப் பதிவேட்டில் அதையே பார்த்து எழுதியிருந்தார்கள். புகைப்படம் ஒட்ட வேண்டிய இடத்தில் பழுப்பாகப் பசைக்கறை மட்டும். அதற்குக் கீழே, 1999இல் மூன்று மாதம் ரசாயனச் சுத்தத்துக்காக வெளியே போய்த் திரும்பியது என்று ஒரு வரி. எங்கே போனது என்று இல்லை.

சார் சாவியோடு வந்தார். பூட்டு தகராறு பண்ணாமல் திறந்தது. எண்ணெய் வாசனை வந்தது. கையுறை போட்டுக்கொண்டு, பூதேவியை மெல்லத் திருப்பிவைத்து, டார்ச் அடித்தார்.

“பாத்துக்கோ. வலது தோள். வெட்டு. பதிவேட்டுல இருக்கறது அப்படியே இருக்கா?”

அப்படியே இருந்தது. ஒன்றரை அங்குல நீளத்தில், நேராக, மண்வெட்டி பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. உடம்பில் இருந்த அதே பச்சைக் களிம்பு வெட்டுக்குள்ளும் இருந்தது. நான் கையுறை கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தோள் முழுவதும், முதுகு முழுவதும் விரலால் தடவினேன். சுண்டுவிரல் எங்கேயும் இறங்கவில்லை.

“திருப்தியா?” சார் தாளை நீட்டினார். “போடு. உன் பேர நிரந்தரத்துக்கு எழுதி வெச்சிருக்கேன். திங்கக்கிழமை போகுது ஃபைல்.”

எங்கள் தெருவில் மாதச் சம்பளத்துக்கு நிரந்தர உத்தரவு வாங்கிய பெண் இதுவரை இல்லை. அது அவருக்கும் தெரியும்.

“குழி எங்க சார்?”

“எந்தக் குழி?” என்றார்.

“கடப்பாற குத்துன குழி. இத தோண்டி எடுத்தது எங்கப்பா.”

டார்ச் அணைந்தது. “சுத்தம் பண்ணப்போ அடைச்சிருப்பாங்கம்மா. வழக்கம்தான்.”

“சரி. குழிய அடைச்சாங்க. எங்கப்பா போடாத வெட்ட யார் சார் போட்டது?”

“உங்கப்பா குடிப்பாரா?”

இந்தக் கேள்வி எப்போது வரும் என்றுதான் இருந்தேன். படிக்கும்போது விடுதியில் கேட்டிருக்கிறார்கள், வங்கியில் கேட்டிருக்கிறார்கள். “மகஜர் எழுதினவரக் கேட்டீங்களா சார், அவர் குடிப்பாரான்னு?”

தாளை வாங்கி மேஜையில் வைத்து, குறிப்புப் பத்தியில் எழுதினேன்: ‘வெட்டு உள்ளது. குழி இல்லை. தோண்டியவர் தேவசகாயம். தோண்டிய கருவி கடப்பாறை.’ கீழே கையெழுத்து, தேதி.

“இதக் கிழிச்சுப் போட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. நாளைக்கு நீ வர வேணாம்.”

“தெரியும் சார். பதிவேட்டுக்கு எங்கிட்ட நகல் இருக்கு. மகஜருக்கும் இருக்கு.”

பையை எடுத்துக்கொண்டு பல்லக்கைத் தாண்டி நடந்தேன். வசந்தாக்காவின் மேஜையருகே வந்தபோது அவள் தட்டச்சு ஆரம்பித்துவிட்டாள். தலையைத் தூக்காமல், எந்திரச் சத்தத்துக்குள் புதைத்துச் சொன்னாள்:

“சாவி கேட்டவ பேரு பிரதீபா. படூர்ல கீறா. டேங்க் பக்கத்து வூடு.”

வெளியே வெயிலில் கண் கூசியது. சாலைக்கு எதிரே கல், செப்புச் சிற்பப் பட்டறைகளில் உளிச்சத்தம், ஒன்று நிற்க ஒன்று. ஒன்றரை வருடம் அந்தச் சத்தத்தை நான் கவனித்ததே இல்லை. இன்று, பதிவேட்டைப் பார்த்து வெட்டுப் போட்ட கை எதுவோ என்று ஒவ்வொரு பட்டறையின் உள்ளிருட்டையும் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் நைனா நின்றிருந்தார். குழி இல்லாவிட்டால் புகார் கொடுக்கப் போகலாம் என்று காலையில் நான் சொல்லிவிட்டு வந்தபடியே, அதே இஸ்திரி சட்டையில், கடப்பாறையைச் சாக்கில் சுற்றி மார்போடு சாய்த்துப் பிடித்திருந்தார். துருவைத் தேய்த்து எடுத்திருக்கிறார். சாக்கின் வாயிலிருந்து நாலு விரல்கடை வெளியே நீண்டிருந்த மழுங்கிய முனை, வெயிலில் மின்னியது.