வாத்து சொன்ன வெயில்

இந்த நாட்டில் இணையத்தோடு முதன்முதலில் பேசிய வீடு கொழும்பில் இல்லை. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, றப்பர் தோட்டத்து மூன்றாம் லயத்து வீட்டுவரிசையில், ஏழுமலைக் கங்காணியின் வீடுதான் அது. இதை அவர் பிரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் நேரத்தில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அறிவித்தார்.

பேசியது ஒரு வாத்து. உள்ளங்கையளவு, வெள்ளை பிளாஸ்டிக். குவைத்தில் வீட்டுவேலை செய்யும் அவர் மனைவி விஜயகலா, அந்த வீட்டுப் பிள்ளைக்கு அலுத்துப்போனதை மேடத்திடம் கேட்டு வாங்கி, சவர்க்காரத்துக்கும் பால்மாவுக்கும் நடுவில் வைத்து அனுப்பியிருந்தாள். இணையத்தில் வானிலை விசாரித்து, மழையென்றால் அதன் வயிறு நீலமாகும், வெயிலென்றால் சிவப்பாகும். கடைத்தெருவில் போன் கடை வைத்திருக்கும் பயாஸ் வந்து, சிக்னல் கிடைத்த ஒரே இடமான அடுப்படிப் பரணில் ரூட்டரைப் பொருத்திக் கொடுத்தான். லயமே வந்து பார்த்தது. செருப்போடு யாரையும் ஏழுமலை உள்ளே விடவில்லை.

சுவரொட்டிய பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் வெள்ளையம்மா மட்டும் அவ்வளவாக மயங்கவில்லை. மகன் தனுஷன் கொழும்பில் கடை வேலைக்குப் போனதிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களிடமெல்லாம் அங்கே மழையா என்று கேட்பது அவள் வழக்கம். ஏழுமலைக்கு அது பெரிய வேடிக்கை.

"அங்க பேய்ற மழ இங்க ஒன்ன நனைக்குமா?"

"மகன் நனைவான்ல, கங்காணி."

இந்தப் பேச்சை அவர் ஒரு வாரம் லயமெல்லாம் நடித்துக் காட்டினார்.

றப்பர் மரத்தில் வெட்டிய பிறகு மழை வந்தால் சிரட்டையில் சேர்ந்த பாலெல்லாம் வழிந்து போகும். அதனால் விடியலில் பட்டையைத் தடவி, வானத்தை அண்ணாந்து பார்த்துத்தான் வெட்டச் சொல்வார்கள். ஏழுமலை அண்ணாந்து பார்ப்பதை நிறுத்தினார். வாத்து சிவப்பு, வெட்டலாம் என்றார். ஒரே மாதத்தில் மூன்று தடவை மழை கொட்டி, மலையின் வடிகால் கானெல்லாம் றப்பர் பாலால் வெள்ளையாக ஓடியது. வாத்தை நேரில் பார்க்க ஆசைப்படுவதாகத் தோட்டத்துத் துரை சொல்லியனுப்பினார்.

ஏழுமலை பயந்துபோய், வாத்தைப் பயாஸிடம் கொண்டு ஓடினார். அவன் அதைக் கம்பியூட்டரில் மாட்டி, கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது நம்ம ஊர் மழைய பார்க்கல்ல. இன்னும் குவைத்தத்தான் பார்த்துக்கிட்டு இருக்கு. மாத்திரவா?"

ஏழுமலை வாத்தின் சிவந்த வயிற்றையே பார்த்தார்.

"வேணாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

பிரட்டுக்களத்தில் அதன் பிறகு வாத்துப் பேச்சு இல்லை. ஆனால் அடுத்த இரண்டு வருடமும் கோப்பித் தண்ணீர் அதன் முன்னால்தான் குடித்தார். சிவப்பென்றால், மொட்டைமாடியில் துணி காயப்போடும் விஜயகலாவின் கால் சுடும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். மேடம் வெள்ளிக்கிழமை மட்டும் போன் பேச விடுவார். மற்ற ஆறு நாளைக்கும் வாத்துதான். ஒரு மார்கழியில் வயிறு நீலமானது. அந்த வெள்ளிக்கிழமை அவர் முதல் வார்த்தையாக, "செவ்வாக்கிழம அங்க மழையாமே?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்று மறுமுனையில் விஜயகலா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அவர் பெருமையடிக்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

மூன்றாம் வருடம் வாத்தின் வயிறு வெறும் வெள்ளையாக மினுக்கத் தொடங்கியது. வாத்தைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்களாம்.

"வாத்து நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்றான் பயாஸ். "அதுக்குச் சொல்லத்தான் ஆளில்ல."

ஏழுமலை, சரியென்பதைச் சிங்களத்தில் "ஹரி தம்பி" என்று சொல்லிவிட்டு, அதை இடுப்புச் சாரத்தில் முடிந்துகொண்டு வந்து பழைய இடத்திலேயே வைத்தார். விஜயகலா இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிய மாதம் அது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பஸ் வந்து நின்றது. முன்வாசலில் வெள்ளையம்மா தன் விசாரணையைத் தொடங்கினாள். பின்வாசல் வழியாக, டேப் சுற்றிய பெட்டியோடு, தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்காரர் ஒருவர் குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்து இறங்கினார். அங்கே நின்ற ஏழுமலைக் கங்காணி பெட்டியை வாங்கித் தோளில் வைத்தார். பஸ் கிளம்பும் சத்தம் வரட்டும் என்று காத்திருந்துவிட்டு, வெள்ளையம்மாவின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"அங்க இப்ப வெயில் எப்படிங்க?"