சினேகாவின் முட்டை

என் மகள் சினேகா ஆறாம் வகுப்பு. சத்துணவில் போடும் முட்டையை ஒரு மாதமாக அவள் தின்னவே இல்லை என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முட்டை பிரீத்திகாவின் வாய்க்குப் போகிறதாம். எங்கள் பட்டாசுக் கம்பெனி போர்மேன் ராஜபாண்டியனின் மகள் அவள். வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டு வருகிறவள். அதற்கு மேல் என் பிள்ளையின் முட்டையும் வேண்டுமாம் மகாராணிக்கு.

"ஏ புள்ள, நீயா குடுக்கியா, அவ புடுங்குதாளா?"

"குடுக்கலேன்னா கா விட்டுருவாம்மா. வேற யாரையும் எங்கூடப் பேச விட மாட்டா. அவுக அப்பாட்ட சொல்லி உன் வேலையையும் காலி பண்ணிருவேன்னுதா."

அடிப்பாவி! என் வேலையைக் காப்பாற்றவா இவள் வெறும் சோற்றைத் தின்றாள்?

"இங்க பாரு. என் வேலை என் பாடு. அதை நீ சுமக்காத. ஆசப்பட்டா பாதி குடு, முழுசாவே குடு. மிரட்டிக் கேட்டா மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. கா விட்டா விடட்டும்."

"பயமாருக்கும்மா."

"இருக்கத்தான் செய்யும். பயந்துக்கிட்டே சொல்லு."

மறுநாள் சொல்லிவிட்டாள். அதற்கடுத்த நாள் நானும் மூன்று பெண்களும் மருந்து அறையில் புஸ்வாணத்துக்கு மருந்து திணித்துக்கொண்டிருந்தோம். ராஜபாண்டியன் விறுவிறுவென்று வந்து வாசற்படியில் கால் வைத்தார்.

"சண்முகத்தாயி, உன் மவ எம் மவள அழ வச்சிருக்கா. என்ன வளர்ப்பு வளத்திருக்க?"

மருந்து அறைக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதை எங்களுக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"அண்ணாச்சி, உள்ள நாலு பேரு இருக்கோம். அங்கனயே நில்லுங்க. நான் வெளிய வாறேன்."

வைத்த காலை எடுத்தார். என்னோடு உள்ளே இருந்த மாரித்தாய் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். நான் பயந்துகொண்டேதான் கையைத் துடைத்துவிட்டு வெளியே வந்தேன், பொய் சொல்லவில்லை.

"உங்க பேரச் சொல்லி, என் வேலையப் பறிச்சிருவேன்னு மிரட்டி, உங்க மவ எம் புள்ள முட்டையத் தின்னுருக்கா. நீங்க சொல்லிக் குடுத்தீகளா?"

அவர் முகம் செத்துவிட்டது. "நான் ஏன் சொல்லுதேன்..." என்று இழுத்தார்.

"அப்ப அதை உங்க புள்ளட்ட சொல்லுங்க. நான் நாளைக்கும் வேலைக்கு வருவேன்."

வேலை போகவில்லை. ஆனால் சினேகாவோடு ஒருத்தியும் பேசவில்லை. தனியாக உட்கார்ந்து தின்றுவிட்டு வந்து என் மடியில் அழுதாள். எனக்கும் வலித்தது. போய் மன்னிப்புக் கேள் என்று மட்டும் நான் சொல்லவே இல்லை.

நேற்றுச் சாயங்காலம் ஓடி வந்தாள்.

"அம்மா, பிரீத்திகா பழம் விட்டா! நானும் விட்டுட்டேன். டப்பாவத் தொறந்து மீன் கொழம்பு குடுத்தா. பெறகு முட்டை தாறியான்னு கேட்டா."

"குடுத்தியா?"

"இன்னைக்கு எனக்குப் பசிக்கின்னு சொல்லிட்டு முழுசையும் நானே தின்னேன். அப்பவும் அவ கா விடலம்மா."